பால் நோட்டில் 130

“ஓட்டையைத்தான் அடைச்சாச்சே, அப்புறம் எதுக்குடி மாத்திரை?” போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது என் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா மகள் கேட்டாள். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் என்னைவிட நான்கு வயது பெரியவள். 1991இல், எட்டு வயதில், சென்னையில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது கும்பகோணத்திலிருந்து இன்லேண்ட் கடிதத்தில் மயில் படம் வரைந்து அனுப்பியவள். அவளுக்கும் குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும் கதை அந்த வருஷமே முடிந்துவிட்டது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, டாக்டர் அடைத்துவிட்டார், பிள்ளை பிழைத்துக்கொண்டது. எனக்கும் முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தது. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற நேரத்துக்குள் அவளுக்கு என்ன பதில் சொல்வது? “அது பெரிய கதைக்கா” என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் பற்றி எனக்கே ஞாபகம் இருப்பது குறைவு. மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர் வந்தது, வார்டு முழுக்க அடித்த டெட்டால் வாசனை, தண்ணீர் கேட்டும் யாரும் தராத ஒரு நாள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பெரிய டாக்டர் என் கன்னத்தைத் தட்டி, “இனிமே இவ எல்லாக் குழந்தை மாதிரிதான், ஓடலாம், ஆடலாம், ஒண்ணும் யோசிக்காதீங்க” என்றாராம். அம்மா இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. ஊர் திரும்பியதும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய், நெஞ்சு வடிவத்தில் வெள்ளித் தகடு வாங்கி உண்டியலில் போட்டு, உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தோம். டாக்டரும் முடித்துவிட்டார், சாமியிடம் வைத்த கடனும் தீர்ந்தது. அதற்கப்புறம் நான் எந்த இதய டாக்டரையும் பார்க்கவில்லை. 2010இல் பிரசவத்துக்கு முன் எடுத்த ஈசிஜியில் ‘வலது கிளையில் கொஞ்சம் தாமதம்’ என்று வந்தது. பழைய ஆபரேஷன் ஆட்களுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், நானும் மறந்துவிட்டேன்.

2021 கடைசியில்தான் ஆரம்பித்தது. கொரோனா வந்து போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கியர் மாறியது மாதிரி இருந்தது. வலி இல்லை. மயக்கம் இல்லை. வேகம் மட்டும். அரை மணி நேரத்தில் தானாக நின்றது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு ஊசி போட்டவர். ஈசிஜி எடுத்தார். ‘சைனஸ் டாக்கிகார்டியா’ என்று மெஷினே அச்சடித்துக் கொடுத்தது, அதாவது வழக்கமான துடிப்புதான், கொஞ்சம் வேகம். “கொரோனாவுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இப்படி வருதும்மா, பதட்டப்படாதீங்க” என்று துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறொரு இடத்தில் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை மாட்டிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து இதயம் பரம சாதுவாக இருந்தது. ரிப்பேர்க்காரர் வரும்போது மட்டும் மிக்ஸி ஒழுங்காக ஓடும் பாருங்கள், அந்தக் கதை.

இங்கே நான் செய்த தப்பையும் சொல்லவேண்டும். இரண்டு இடத்திலும் “முன்னாடி ஏதாவது நோய், ஆபரேஷன்?” என்று கேட்டார்கள். ஹோல்டர் எடுத்த இடத்தில் ஃபாரத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். பொய் சொல்லவேண்டும் என்று அடிக்கவில்லை. நிஜமாகவே அது என் நோய்க் கணக்கில் இல்லை. தெரு டாக்டருக்கு என் ஆபரேஷன் தெரியும்; அவரிடமே நான் முந்திக்கொண்டு “அதெல்லாம் அப்பவே சரியாயிடுச்சு சார்” என்று சொன்னேன்.

வாய்ப்பாடு

கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கினோம் இல்லையா, அது அலமாரியில் சும்மா கிடந்தது. படபடப்பு வரும்போதெல்லாம் அதை மாட்டி, வந்த எண்ணைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். முன்பக்கம் அரை லிட்டர், ஒரு லிட்டர். பின்பக்கம் 130, 131, 130, 129, 130. படுத்திருக்கும்போது 130. மாடி ஏறி வந்தால் 130. மகனோடு கத்திச் சண்டை போட்ட அன்று 131. தூக்கத்தில் விழித்துப் பார்த்தால் 130. ப்ரோப்ரனலால் ஆரம்பித்த பிறகு நடுவில் சில நாள் 65 வந்தது. 65 பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மாத்திரை வேலை செய்கிறது என்று. மறுநாள் திரும்ப 130. 65, 130, 130, 65. இதில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் படித்தது பி.காம், அதிலும் கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள்.

2022 கார்த்திகையில் அது வந்துவிட்டுப் போவதை நிறுத்தியது, வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று நாள் தொடர்ந்து 130. நாலாம் நாள் என் கணவர் காரில் போட்டுக்கொண்டு திருச்சிக்குப் போனார், அங்கே ஒரு இதய டாக்டர். வெளியே காத்திருந்தபோது கைப்பையில் இருந்த பால் நோட்டை இவர்தான் எடுத்து, “இதையும் காட்டு” என்றார். எனக்கு வெட்கம். டாக்டர் அதை வாங்கி, ஒரு நிமிஷம் பேசாமல் புரட்டினார். அப்புறம் என்னை எழுந்து வராண்டாவில் இரண்டு நடை வேகமாகப் போய்வரச் சொன்னார். வந்ததும் நாடி பார்த்தார். 130. “பயத்துல அடிக்கிற இதயம் நடந்தா ஏறும், படுத்தா இறங்கும். இது ஒரே நம்பர்ல நிக்குது. நின்னாலும் பரவாயில்ல, இறங்கும்போது சரியா பாதிக்கு இறங்குது. பயத்துக்கு வாய்ப்பாடு தெரியாதும்மா” என்றார். அப்புறம்தான் என் புடவைத் தலைப்புக்கு மேலே கழுத்துக்குக் கீழே எட்டிப்பார்க்கும் தழும்பின் நுனியைப் பார்த்தார். “இது என்ன?”

அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தது வேகமாக நடந்தது. ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே கையில் அடினோசின் என்று ஒரு ஊசி. “சில செகண்டுக்கு உயிர் போற மாதிரி இருக்கும், போகாது” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். அவர் சொன்னதில் முதல் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி, முகமெல்லாம் கொதித்து, அவ்வளவுதான் என்று நினைத்து முடிப்பதற்குள் விட்டுவிட்டது. அந்தச் சில வினாடியில் கீழறைத் துடிப்பு நின்று, மேலறை மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது தாளில் விழுந்திருந்தது. ரம்பத்தின் பல் மாதிரி, ஒன்றுபோல, வரிசையாக. நிமிஷத்துக்கு 260. பெயர் ஏட்ரியல் ஃப்ளட்டர்.

கணக்கு இப்படி. மேலறையில் மின்சாரம் ஒரு வளையத்துக்குள் சிக்கிக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. சுற்றுப் பாதையின் நீளம் மாறாது, அதனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் மாறாது. மாடி ஏறினால் என்ன, மகனோடு சண்டை போட்டால் என்ன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ரயில்வே கேட் போல ஒரு கணு இருக்கிறது. 260ஐயும் அது விடாது, இரண்டுக்கு ஒன்று விடும்: 130. மாத்திரை போட்டால் கேட் இன்னும் கெடுபிடியாகி நாலுக்கு ஒன்று விடும்: 65. ஆக 65 வந்த நாட்களிலும் மேலே செக்கு அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பாயசம் வைக்காத குறையாகச் சந்தோஷப்பட்டோம்.

எனக்கு உடம்பு சில்லிட்டது இதைக் கேட்டு அல்ல. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் இப்படி அதிரும்போது ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒரு வருஷத்துக்கு மேலாக ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எதுவும் இல்லாமல் நான் சமைத்து, துவைத்து, பையனை டியூஷனுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன்.

தழும்பும் திட்டும்

சரி, இந்த வளையம் எங்கிருந்து வந்தது? எனக்கு இருந்தது ஏஎஸ்டி, இரண்டு மேலறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஓட்டை. இடது பக்கம் அழுத்தம் கொஞ்சம் கூட என்பதால், நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தத்தில் ஒரு பங்கு வலது பக்கம் வழிந்து, திரும்பவும் நுரையீரலுக்கே போகும். இந்த வெட்டி வேலையை வருஷக்கணக்கில் செய்து வலது பக்கம் பெருத்துவிடும். இழுபட்ட மேலறைச் சுவரில் மின்சாரம் சீராக ஓடாது. ஓட்டையை அடைத்த பிறகு இதயம் நிறையவே சுருங்கும் என்றாலும், இழுபட்டதன் சுவடு கொஞ்சம் நிற்கும். இது ஒரு காரணம். இன்னொன்றை நான் யோசித்ததே இல்லை: ஓட்டையை அடைக்க உள்ளே போகவேண்டுமே, அதற்கு வலது மேலறையின் வெளிச்சுவரைக் கத்தியால் கீறித்தான் போகவேண்டும். அடைத்துவிட்டு, போன வழியைத் தைத்துவிடுவார்கள். தைத்த இடம் தழும்பாகும். தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. கொள்ளிடத்து நடுவில் திட்டு இருப்பதுபோல அது அங்கே நின்றுவிடுகிறது, ஓட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் சுற்றிப்போய்ச் சேர்ந்துவிடும், பிரச்சினை இல்லை. என்றைக்கோ ஒரு நாள், ஒரு பக்கம் போன ஓட்டம் மறுபக்கமாகத் திரும்பிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டால் செக்கு ஆரம்பித்துவிடும். அதற்குப் பத்து வருஷமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். எனக்கு முப்பது. அதாவது ஓட்டையை அடைக்கப் போன பாதைதான் எனக்கு வம்பு. இதைக் கேட்டபோது எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

திருச்சியிலிருந்து வந்த பிறகு ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். தூக்கம்தான் வரவில்லையே. ஓட்டை அடைக்கிற வேலைக்கும் இதயத் தாளத்துக்கும் உள்ள தகராறு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து ஜான் கிப்பன் ஃபிலடெல்பியாவில் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த ஆபரேஷன், 1953 மே 6ஆம் தேதி, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு ஏஎஸ்டியை அடைத்ததுதான். அடுத்த வருஷம் மினியாபொலிஸில் வால்டன் லில்லிஹெய் கீழறைச் சுவர் ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்தார். அந்தச் சுவரின் ஓரமாகத்தான் ஹிஸ் கற்றை போகிறது, மேலிருந்து கீழே மின்சாரத்தைக் கொண்டுபோகும் ஒரே கம்பி. கண்ணுக்குத் தெரியாது. ஊசி அதில் பட்டால் மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறுந்துபோகும். ஓட்டை அருமையாக அடைந்திருக்கும், குழந்தை ஹார்ட் பிளாக்கில் போய்விடும். அதற்காகத்தான் 1957இல் இதயத் தசையிலேயே கம்பியைச் செருகிச் சுவர் மின்சாரத்தில் ஓடும் பேஸ்மேக்கரோடு இணைத்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 31 அன்று ஊரில் கரண்ட் கட். சுவரில் செருகிய உயிர் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. மருத்துவமனைக் கருவிகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்த எர்ல் பேக்கனிடம் லில்லிஹெய் பேட்டரியில் ஓடும் ஒன்றைக் கேட்க, அவர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை வைத்துக் கையடக்கமாகச் செய்து கொடுத்தார். பாட்டு வாத்தியார் தாளம் போட வைத்திருக்கும் கருவியின் சர்க்யூட். பேக்கனின் கராஜ் கம்பெனிதான் பேஸ்மேக்கர் செய்யும் மெட்ரானிக். இன்வெர்ட்டர் இல்லாமல் வாழ முடியாத ஊர்க்காரியான எனக்கு இந்தக் கரண்ட் கட் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இன்னொன்று படித்தபோது அவ்வளவு பிடிக்கவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1950களின் பின்பாதியில் ஏஎஸ்டி ஆபரேஷன் செய்துகொண்ட 123 பேரை 27 முதல் 32 வருஷம் கழித்துத் தேடிப்பிடித்து எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். நல்ல செய்திதான்: சின்ன வயசில் அடைத்துக்கொண்டவர்களின் ஆயுள் மற்றவர்கள் ஆயுளைப் போலவே. வயது ஏறி அடைத்தவர்களுக்கு அப்படி இல்லை, தாளக் கோளாறும் அவர்களுக்குத்தான் அதிகம். நான் ‘நல்ல’ பக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரை வந்தது 1990இல். எனக்கு ஆபரேஷன் 1991இல். முப்பது வருஷம் கழித்தும் பார்க்கவேண்டும் என்று உலகத்தில் சிலருக்குத் தெரிந்திருந்தபோதுதான் எங்களுக்கு ‘ஒண்ணும் யோசிக்காதீங்க’ சொல்லி அனுப்பினார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வரிசையில் அடுத்த குழந்தை நின்றிருக்கும், எங்களிடமும் ஊர் திரும்பும் ரயில் டிக்கெட் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் ‘ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாரோ என்னவோ. அது தெரியாமல் போனதற்கு வேறொரு காரணம்.

வெந்நீர் அடுப்பு

மாத்திரையில் அடங்காத இந்தச் செக்கை நிறுத்த அப்ளேஷன் என்று ஒரு வழி. தொடை ரத்தக் குழாய் வழியாக ஒயர் விட்டு, வளையத்தின் குறுக்கே சின்னச் சின்னதாகச் சுட்டு வழியை மறித்துவிடுவது. அதைச் செய்யும் சென்னை டாக்டர் முதலில் கேட்டது, “பழைய ஆபரேஷன் குறிப்பு இருக்கா?” எங்கே கீறினார்கள், இயந்திரத்துக் குழாய்களை எங்கே செருகினார்கள், ஓட்டையை நேராகத் தைத்தார்களா, இல்லை ஒட்டுப் போட்டார்களா. ஒவ்வொன்றும் ஒரு திட்டு. தெரிந்தால் தேட வசதி. அம்மாவுக்கு போன் போட்டேன். “அதெல்லாம் கரையான் அரிச்சிடுத்துடி” என்றாள். அம்மா கரையான் என்று சொன்ன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. ரேஷன் கார்டின் முதல் பதிப்பிலிருந்து பத்திரமாக வைத்திருப்பவள் அவள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் எதுவும் கேட்கவேண்டுமென்றால் கையில் வேலை இருக்கவேண்டும், முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள். 2007இல் என்னைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள், தழும்பைப் பற்றி யார் மூலமோ தெரிந்து, “எதுக்கும் பேப்பர் எல்லாம் குடுங்கோ, எங்க டாக்டர்ட்ட காட்டிக்கறோம்” என்று கேட்டார்களாம். கொடுத்தாள். திருப்பி அனுப்பினார்கள், பேப்பரையும் என்னையும். அதற்கடுத்து இவர் வீட்டில் வருகிறோம் என்று சொன்ன வாரம், அம்மா அந்த ஃபைலை கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். “ஒவ்வொரு பேப்பரா வச்சேன். எக்ஸ்ரே மட்டும் எரியவே மாட்டேன்னுது. சுருண்டு சுருண்டு நாத்தம் அடிச்சுது. அதைக் கத்தரியால வெட்டிக் குப்பையில போட்டேன்.” கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டாக்டரே சொல்லிட்டாரே, எல்லாக் குழந்தை மாதிரிதான்னு. அப்புறம் அந்தப் பேப்பர் எதுக்குன்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வரவேண்டும், வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியாமல் நின்றது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன் நானே இவருக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்து ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் “சரி” என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். அம்மாவுக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை. என் மாமியாருக்குப் பல வருஷம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. ரவிக்கைக் கழுத்தை மேலேற்றித் தைக்கச் சொன்னது நான். ஃபாரத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்ததும் நான். அம்மா அடுப்பில் வைத்தாள், நான் டிக் அடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்றால் அதை முதலில் மறைக்கவேண்டும், அப்புறம்தான் அடைக்கவேண்டும். இரண்டு மணி நேரத்தில் அடைத்ததை முப்பது வருஷமாக மறைத்துக்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் சொல்லாமல் கீரையை ஆய்ந்து முடித்தேன். அம்மா எழுந்து போகும்போது, “இப்ப அந்தப் பேப்பர் இல்லாததால உனக்கு ஏதாவது ஆயிடுமா?” என்று கேட்டாள். “ஆகாது, உள்ளயே எழுதியிருக்குமாம், அவர் பாத்துப்பார்” என்றேன். அப்போது அது சமாதானத்துக்குச் சொன்னது.

கேத் லேப்

2023 ஜனவரியில் பொங்கல் கழிந்து போனோம். அதற்கு முன்பே ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் ஆரம்பித்திருந்தார்கள். அன்று காலையில் தொண்டை வழியாக எக்கோ விட்டு, உறைகட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்தார்கள் (அந்தக் குழாயை விழுங்குவதுதான் மொத்தத்திலேயே கொடுமை). கேத் லேப், அதாவது இதயத்துக்குள் ஒயர் விடும் அறை, அதன் குளிர் பல்லைக் கிட்டியது. முழு மயக்கம் கிடையாது, அரைத் தூக்கம் மாதிரி ஒன்று, பேசுவது காதில் விழும். பக்கத்தில் பெரிய திரை. ஒயர் நுனி மேலறைச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போக, திரையில் என் மேலறை வண்ணம் வண்ணமாக உருவாகிக்கொண்டு வந்தது. உயிருள்ள தசை ஊதா. நடுவில் நீளவாக்கில் ஒரு சாம்பல் பட்டை. டாக்டர் என் பக்கம் திரும்பி, “இதோ உங்க 1991” என்றார்.

முதலில் வால்வுக்கும் கீழ்ப் பெரிய ரத்தக் குழாய்க்கும் நடுவில் சுட்டார்கள், ஃப்ளட்டர் வழக்கமாகச் சுற்றும் பாதை அது. தோள்பட்டையில் பல்வலி மாதிரி ஒரு வலி. நிற்கவில்லை, வேகம் மட்டும் கொஞ்சம் மாறியது. “இன்னொரு வளையம் இருக்கு, எட்டு போட்டிருக்கு” என்றார் யாரோ. ஒன்றை மறித்தால் இன்னொன்றில் ஓடுகிறது, தழும்பைச் சுற்றி. அந்தச் சாம்பல் பட்டையின் கீழ் நுனியிலிருந்து அந்தப் பெரிய ரத்தக் குழாய் வரைக்கும் இருந்த சின்ன இடைவெளியில் அடுத்த கோடு. புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டு போனார்கள். எத்தனையாவது புள்ளி என்று தெரியவில்லை, பாதியில் “நின்னுடுச்சு” என்று ஒரு குரல். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மோட்டாரை அணைத்ததும் ஒரு அமைதி வருமே, அது நெஞ்சுக்குள் வந்தது. பிறகு ஒரு துடிப்பு. ரொம்ப நேரம் கழித்து, அப்படித்தான் எனக்குப் பட்டது, இன்னொன்று. 72 என்றார்கள். காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுத்திருக்கவேண்டும். நான் அந்த ஆறு மணி நேரமும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மூன்று மாதத்தில் அபிக்ஸபானை நிறுத்தினார்கள். அக்கா பார்த்த டப்பாவில் இருப்பது நடுவில் வரும் உதிரித் துடிப்புகளுக்காகச் சின்ன டோஸ் மாத்திரை. வருஷத்துக்கு ஒரு ஹோல்டர். திரும்ப வருமா என்றால் வரலாம், வேறு வளையம் உருவாகலாம். டாக்டர் அதை மறைக்காமல் சொன்னார், அதற்காகவே அவரைப் பிடிக்கும்.

இதெல்லாம் தெருவுக்குத் தெரிந்ததும் எதிர்வீட்டுப் பெண் ஆறு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு ஆபரேஷன் இல்லாமல் தொடை வழியாகவே ‘பட்டன்’ வைத்து ஏஎஸ்டியை அடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நிட்டினால் என்ற கம்பியில் பின்னிய குடை, குழாய்க்குள் சுருட்டிக் கொண்டுபோய் விட்டால் தன் வடிவத்தை ஞாபகம் வைத்து விரிந்துகொள்ளும். அந்தப் பெயரில் உள்ள ‘நால்’ அதைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் சுருக்கம் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. “உங்களுக்கு வந்த மாதிரி இவனுக்கும் வருமாக்கா?” மேலறைச் சுவரைக் கீறவில்லை, அதனால் என் மாதிரித் தழும்பு அவனுக்கு இல்லை என்றேன். முதல் சில வாரம், மாதம் குடையின் விளிம்பு உரசி உதிரித் துடிப்பு வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். அபூர்வமாக ஹார்ட் பிளாக் வருவதுண்டு, அதற்குத்தான் தவறாமல் வரச் சொல்கிறார்கள். கீழறை ஓட்டையில் ஹிஸ் கற்றைக்குப் பக்கத்தில் பட்டன் வைத்தவர்களுக்கு அது வருஷம் கழித்தும் வரலாம். என் சித்தி ஒருத்திக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் ஏஎஸ்டி என்றே தெரிந்தது, அவர் கதை வேறு. அந்த வயதுக்குள் மேலறை இழுபட வேண்டிய அளவு இழுபட்டிருக்கும், அடைத்தாலும் தாளக் கோளாறு வரும் வாய்ப்பு போகாது. அதனால் சிலருக்கு அடைப்பதற்கு முன்பே அப்ளேஷனை யோசிக்கிறார்கள், அடைத்துவிட்டால் இடது பக்கம் ஒயர் போகும் வாசலும் சேர்ந்து அடைபட்டுவிடும் அல்லவா. இதையெல்லாம் டாக்டரிடம் கேள் என்று அவளை அனுப்பினேன். போகும்போது, “பேப்பரைப் பத்திரமா வை, அவன் கல்யாணத்துக்கு அப்புறமும்” என்றேன். ஆறு வயதுப் பையனுக்குக் கல்யாணமா என்று அவள் சிரித்தாள்.

அம்மா என் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளுடைய பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே, ரேஷன் கார்டுகளோடு இருக்கிறது. அந்த ஈசிஜித் தாளும் வேண்டும் என்றாள், ரம்பப் பல் நின்று நேர்க்கோடாகி முதல் துடிப்பு விழுந்த தாள். ஜெராக்ஸ் வேண்டாம், நிஜத் தாளே வேண்டும் என்று அடம். கொடுத்தேன். அழியாமல் இருக்கட்டும் என்று பெரிய கடைத்தெருவில் கொண்டுபோய் லேமினேட் செய்யக் கொடுத்திருக்கிறாள். அது சூடு பட்டால் கறுக்கிற தாள் என்று கடைப் பையனுக்கும் தெரியவில்லை. மெஷினுக்குள் வெள்ளையாகப் போனது முழுக்கக் கரியாக வெளியே வந்ததாம். அம்மா போனில் அழுதாள். நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தக் கடங்காரன் அதுக்கும் முப்பது ரூபா வாங்கிண்டான்டி” என்றாள்.